பிஆர்டிபி மருத்துவச் சோதனை: தெற்கு டர்பனில் எங்கே போவது, எதைக் கேட்டு வாங்குவது

கிளேர்வுட், ஜேக்கப்ஸ், மோபெனி, பிராஸ்பெக்டன் பக்கம் டிரக் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து நிற்கும் வேலை, பிஆர்டிபி, அதாவது தென்னாப்பிரிக்காவின் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியின் புதுப்பிப்பு. அதற்கான மருத்துவச் சோதனையை இங்கே மூன்று வழிகளில் முடிக்கலாம். குடும்ப டாக்டரிடம் போகலாம். தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் தொழில்சார் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். கம்பெனி ஏற்பாட்டில் டிப்போவுக்கே வரும் மருத்துவ வேனில் ஏறிக்கொள்ளலாம். மூன்றிலும் கையில் கிடைப்பது எம்.சி. என்னும் ஒரே மருத்துவச் சான்றிதழ்ப் படிவம். அந்தப் படிவத்துக்குப் பின்னால் நடக்கும் சோதனையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உடம்பில் பெரிய தொந்தரவு இல்லாதவரும், எடை கூடியவரும் தொழில்சார் கிளினிக்குக்குப் போங்கள். ஏற்கெனவே சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர், தன்னை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே போங்கள். டிப்போ வேன், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் மொத்த எடைத் தகுதி 3,500 கிலோவைத் தாண்டினால் சரக்கு ஓட்டுநருக்கு பிஆர்டிபி கட்டாயம். சரக்குக்கான 'ஜி' பிரிவுக்கு வயது 18, பயணிகளுக்கான 'பி' பிரிவுக்கு 21, ஆபத்தான சரக்குக்கான 'டி' பிரிவுக்கு 25 ஆகியிருக்க வேண்டும். அனுமதி 24 மாதம் செல்லும். விண்ணப்பம் பி.டி.1 படிவத்தில், கூடவே எம்.சி. மருத்துவச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இங்கேதான் பலர் காசை இழக்கிறார்கள். கம்பெனி சொன்னது என்று சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டு, ராஸ்பர்க் உரிம மையத்தில் தேதி கிடைக்காமல் இழுத்தடித்தால், சான்றிதழ் காலாவதியாகி மறுபடியும் பணம் கட்ட வேண்டியதுதான். தேதியை முதலில் வாங்குங்கள். அதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் சோதனை வைத்துக்கொண்டால், பிரஷர் கூடி நின்றாலும் மாத்திரையைச் சரிசெய்து திரும்பி வர நேரம் இருக்கும்.

1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 15ஆம் பிரிவில் யாருக்கு உரிமம் கிடையாது என்று சொல்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, ரத்த அழுத்தத்தாலோ வேறு காரணத்தாலோ திடீரென வரும் தலைசுற்றலும் மயக்கமும், தசைகள் ஒத்துழைக்காத நோய்கள், மனநோய், பார்வைக் குறைவு, போதை அல்லது குடிப் பழக்கம். கடைசியாக, ஓட்டும் திறனைக் கெடுக்கக்கூடிய வேறு எந்த நோயும் என்று ஒரு பொது வாசகம். இதில் உடல் எடைக்கு வரம்பு எதுவும் இல்லை. உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ என்ற சொல்லே இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் இத்தனைக்கு மேல் கூடாது என்று எண் குறிக்கவில்லை. ஸ்டியரிங் அச்சில் 7,700 கிலோ, முழு வண்டிக்கு 56,000 கிலோ என்று இரும்புக்குக் கறாராக வரம்பு வைத்த நாட்டில், சீட்டில் உட்காருகிற மனிதருக்கு அப்படி ஒரு எண் கிடையாது.

"130 கிலோவுக்கு மேல் போனால் லைசென்ஸ் போய்விடும்" என்று டிப்போக்களில் சுற்றும் பேச்சுக்கு சட்டத்தில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவிலும்கூட எடைக்காக மட்டும் ஓட்டுநரைத் தகுதி நீக்கும் விதி இல்லை. அங்கே தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு ஓட்டுநர்களைச் சோதிப்பது பற்றி 2016இல் விதி கொண்டுவர முயன்றார்கள். 2017 ஆகஸ்டில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் பிரஷருக்கு அங்கே தெளிவான படிகள் உண்டு: 140/90க்குக் கீழே இருந்தால் இரண்டு ஆண்டுச் சான்றிதழ், அதிலிருந்து 159/99 வரை ஓராண்டு, 160/100 முதல் 179/109 வரை ஒருமுறை மட்டும் மூன்று மாத அவகாசம், 180/110ஐத் தொட்டால் குறையும்வரை வண்டி இல்லை. பிரிட்டனில் கனரக வண்டி ஓட்டுநருக்கு ஓய்வு நிலையில் தொடர்ந்து 180 அல்லது 100 இருந்தால் நிறுத்திவிடுவார்கள். நம் நாட்டில் எண் இல்லாததால் ஒவ்வொரு கிளினிக்கும் தனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஓரிடத்தில் தேறியவர் இன்னோரிடத்தில் தேறாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். முன்பதிவு செய்யும்போதே "உங்கள் பிரஷர் வரம்பு என்ன? கூடினால் அன்றைக்கே மறுபடி எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

டிப்போ வேனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் பிரஷர் எடுக்கும் விதம். வேனில் இடம் குறைவு, வெளியே இருபது பேர் வரிசை. இரவு முழுக்க என்3 நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்தவர் கையில் காப்பியோடு நிற்பார். பேர் கூப்பிட்டதும் படியேறி உட்காருவார். உட்கார்ந்த நொடியே பட்டையைச் சுற்றிவிடுவார்கள். இந்த எண்ணை நம்ப முடியாது. முறைப்படி எடுப்பதென்றால் அரைமணி நேரத்துக்கு முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் இல்லை; சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும்; முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும்; கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கையை மடியில் வைத்தாலோ தொங்கவிட்டாலோ மேல் எண் 4 முதல் 7 வரை கூடும். அளக்கும்போது பேசினால் 10கூட ஏறும். ஒருமுறை எடுத்து நிறுத்தாமல் ஒரு நிமிட இடைவெளியில் இன்னொரு முறை எடுத்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும்.

எடை கூடிய ஓட்டுநரை அநியாயமாக மாட்டிவிடுவது கைப்பட்டையின் அளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடா வைத்துப் புயத்தின் சுற்றளவை எடுங்கள். 27 முதல் 34 செ.மீ. வரை வழக்கமான பட்டை போதும். 35 முதல் 44 வரை பெரிய பட்டை வேண்டும். 45க்கு மேல் மிகப் பெரியது. பெரிய பட்டை தேவைப்படும் கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் எண் சராசரியாக 5 கூடுதலாகக் காட்டும். மிகப் பெரியது தேவைப்படும் கைக்கு 20 வரை கூடும். உண்மையில் 142 இருக்கிறவர் தாளில் 162 ஆகி, வண்டியை விட்டு இறங்கி நிற்கிறார். பட்டை காற்றேறி இறுக்கும்போது ஒட்டும் பகுதி பிரிந்து பிரிந்து வருகிறதா? அது உங்கள் கைக்குச் சிறியது என்று அர்த்தம். "பெரிய பட்டை போடுங்கள், சிஸ்டர்" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். நல்ல கிளினிக்கில் இரண்டு மூன்று அளவு சுவரிலேயே தொங்கும். வேன்களில் பெரும்பாலும் ஒன்றுதான்.

கடையில் வாங்கும் மருந்துகளும் எண்ணை ஏற்றும். சளிக்கு வாங்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகள், முதுகு வலிக்குத் தினமும் போடும் ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் இரண்டும் பிரஷரைக் கூட்டும். தலைவலிக்கு வாயில் கொட்டிக்கொள்ளும் பொடிகள் பலவற்றில் காஃபின் உண்டு. சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்த முடியுமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தவே வேண்டாம். சோதனை நாளன்று "வெறும் வயிறு" என்று நினைத்துக் காலை மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். தண்ணீரோடு போட்டுக்கொண்டே போகலாம். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்த இடமில்லை என்று அதை விட்டுவிடுவதும் உண்டு. என்3இல் வான் ரீனன் கணவாயில் ஏறும்போது நிறுத்த முடியாதுதான். அதற்கு வழி மாத்திரையை விடுவது ஆகாது. ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லி, எப்போது போடலாம் என்றோ வேறு மருந்துக்கு மாற்றலாமா என்றோ டாக்டரிடம் கேளுங்கள். அம்லோடிபின் போன்றவை அப்படி ஓடவைக்காது; சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அவ்வளவுதான்.

குடும்ப டாக்டரின் பலம், அவரிடம் உங்கள் பழைய எண்கள் இருப்பது. ஒருநாள் 158 காட்டினாலும், ஆறு மாதமாக 135இல் நின்றவர் என்பது அவருக்குத் தெரியும். மாத்திரையை அன்றைக்கே மாற்றி எழுத அவரால் முடியும். பலவீனமும் அங்கேதான். பல ஆண்டுப் பழக்கத்தில், "நீங்கள் நல்லாத்தானே இருக்கீங்க அண்ணா" என்று படிவத்தைச் சோதிக்காமலே நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மருத்துவ அறைகள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைப் பரிவு என்று எண்ண வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லாத சுகரோடு என்3இன் டவுன் ஹில் இறக்கத்தில் 56 டன் இறங்கும்போது முன்னால் போகும் காரில் இருப்பதும் நம் குடும்பம்தான். சான்றிதழ் சரியில்லை என்பது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் ஓட்டுநர், கையெழுத்திட்ட டாக்டர், கம்பெனி என்று எல்லார்மீதும் கேள்வி வரும்.

இனி தொழில்சார் கிளினிக். நல்ல கிளினிக் என்றால் உயரம், எடை, இடுப்பு, கழுத்து நான்கையும் அளப்பார்கள். எடைமேடை எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். வீட்டுவகை மேடைகள் பல 150 கிலோவோடு நின்றுவிடும். அதற்கு மேல் பிழை காட்டும், அல்லது தப்பாகக் காட்டும். 1.70 மீட்டர் உயரமுள்ளவருக்கு பிஎம்ஐ 35 என்பது 101 கிலோ. 40 என்பது 116 கிலோ. ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தெற்காசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வருகிறது என்பதால் 23இலேயே எடைக்கூடுதல், 25இலேயே பருமன் என்று கணக்கிடுகிறார்கள். அதே உயரத்துக்கு 25 என்பது வெறும் 72 கிலோ. இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. பெல்ட் போடும் இடத்தில், தொப்பைக்குக் கீழே நாடா போட்டால் எண் பொய்யாகக் குறையும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

கழுத்தை அளக்கும் கிளினிக்குக்கு என் கணக்கில் தனி மதிப்பெண். அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயைத் தேடுகிறது என்று பொருள். ஸ்லீப் ஆப்னியா என்னும் இந்த நோய் சட்டத்தில் பெயர் சொல்லி வரவில்லை. 'வேறு எந்த நோயும்' என்ற பொது வாசகத்துக்குள் வரும். ஓட்டுநருக்கு இதைவிட ஆபத்தானது வேறு சிலவே. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்கும். மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நிலை. 15 முதல் 30 வரை நடுத்தரம். எட்டு மணி நேரம் படுத்திருந்தவருக்கும் உண்மையான தூக்கம் கிடைத்திருக்காது. மறுநாள் நேரான சாலையில், ஹாரிஸ்மித் தாண்டிய சமவெளியில், கண் திறந்தபடியே சில நொடி தூங்கிப்போவார். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்பது சுமார் 67 மீட்டர். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடமும் இந்த நோய் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

இதைத் தேட எட்டு கேள்வி போதும்: கதவு தாண்டிக் கேட்கும் குறட்டை உண்டா; பகலில் களைப்பா; தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா; பிரஷர் உண்டா; பிஎம்ஐ 35க்கு மேலா; வயது 50க்கு மேலா; கழுத்து 40 செ.மீ.க்கு மேலா; ஆணா. மூன்று 'ஆம்' என்றால் சந்தேகம். ஐந்து என்றால் வாய்ப்பு மிக அதிகம். கழுத்தைக் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஓட்டுநரால் பதில் சொல்ல முடியாது; மனைவியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கேள்வித்தாளைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க, வேலை போயிடும்" என்று வழிகாட்டும் கிளினிக் இருந்தால் அங்கே நிற்க வேண்டாம். நோய் கண்டுபிடிக்கப்பட்டால் வேலை போகும் என்ற பயம்தான் ஓட்டுநர்களை மறைக்கவைக்கிறது. ஆனால் இது சிகிச்சை உள்ள நோய். காற்றழுத்தக் கருவியை முகமூடியோடு மாட்டிக்கொண்டு தூங்கினால் பலருக்குச் சில நாட்களிலேயே பகல் தூக்கம் விலகும். இரவுக்கு நான்கு மணி நேரமாவது, பத்து இரவில் ஏழு இரவாவது போட்டிருக்க வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. கருவியே அதைப் பதிவு செய்து வைத்திருக்கும். அந்தப் பதிவுதான் ஓட்டுநரின் கையில் உள்ள ஆதாரம்.

கேபினில் தூங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரக்கின் 24 வோல்ட் இணைப்பில், எஞ்சின் ஓடும்போது 28 வரை ஏறும். கருவி 24 வோல்ட்டில் ஓடுவதுதான் என்றாலும் நேராகச் சொருகக் கூடாது. தயாரிப்பாளர் தரும் மாற்றியை வாங்குங்கள். காற்றை ஈரப்படுத்தும் பகுதிதான் மின்சாரத்தை அதிகம் தின்பது. அதை அணைத்துவிட்டால் பேட்டரி காலைவரை தாங்கும்.

சிறுநீர்ச் சோதனைக்கு வருவோம். காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பது சர்க்கரை, புரதம், ரத்தம் மூன்றுக்காக. இதில் பலர் காரணம் தெரியாமல் மாட்டுகிறார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற புதிய சுகர் மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான். ரத்தத்தில் சுகர் கச்சிதமாக இருந்தாலும் பட்டை உச்ச நிறம் காட்டும். இதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும்கூட இவற்றை எழுதுகிறார்கள். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விரல் நுனி ரத்தத்திலும் எச்பிஏ1சியிலும் பார்க்கச் சொல்லுங்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. 6.5 சதவீதத்தில் நீரிழிவு என்று முடிவாகும். சிகிச்சையில் இருப்பவர் பலருக்கு இலக்கு 7. சோதனைக்கு முந்தைய நாள் பட்டினி கிடந்து விரல் ரத்தத்தை நல்லபடி காட்டிவிடலாம், இதை ஏமாற்ற முடியாது. அதனால்தான் இதைக் கேட்கும் கிளினிக்கை நம்பலாம். போதைப்பொருள் சோதனை வேறு கணக்கு. அது கம்பெனியின் கொள்கைப்படி தனிக் கோப்பையில், தனி ஒப்புதலோடு நடக்க வேண்டும். வீட்டுக்குள் கஞ்சா புகைப்பதை அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் குற்றமில்லை என்று சொன்னாலும், வாரக்கணக்கில் அது சிறுநீரில் தங்கும். டிப்போ வாசலில் அந்தத் தீர்ப்பு காப்பாற்றாது.

பார்வைக்கு விதி எளிது. கனரகப் பிரிவுகளுக்குக் கண்ணாடியோடோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணும் 6/9 காண வேண்டும். பக்கப் பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் 70 பாகை. கார் உரிமத்தில் ஒரு கண்ணின் குறையை மற்றது ஈடுகட்டலாம், இங்கே அந்தச் சலுகை இல்லை. சுகர் ஏறி இறங்கும் நாட்களில் விழிலென்ஸ் வீங்கிப் பார்வை மங்கும். சுகர் சில வாரம் நிலைப்பட்ட பிறகு கண்ணாடி வாங்கினால் பணம் வீணாகாது.

காது, நுரையீரல் சோதனைகளைச் சேர்த்துப் பெரிய தொகுப்பாக விற்கும் இடங்கள் உண்டு. 85 டெசிபலுக்கு மேல் சத்தத்திலோ சிமெண்ட் தூசியிலோ வேலை செய்பவருக்கு அவை தேவை, கட்ட வேண்டியது கம்பெனி. சொந்தக் காசில் பிஆர்டிபிக்கு வருகிறவர் ஏன் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

எடை பற்றி ஒரு கிளினிக் கேட்க வேண்டியதும் பெரும்பாலும் கேட்காததும் வண்டியைப் பற்றியது. காற்றுமெத்தை சீட்டுக்குத் தயாரிப்பாளர் ஒரு எடை வரம்பு வைத்திருப்பார். அதைத் தாண்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சீட் அடிவரை இறங்கி இடிக்கும்; அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். கீழ்முதுகு வலிக்கு மாத்திரை மாற்றிக்கொண்டே இருப்பவர் முதலில் சீட்டின் தகட்டைப் பார்க்கட்டும். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடைவெளி வேண்டும் என்று சீட்டைப் பின்தள்ளினால் பிரேக் மிதி எட்டாது. கால் நுனியால் மிதிக்க வேண்டியிருக்கும். கேபினில் ஏறி இறங்கும்போது இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை என்று மூன்று பிடி எப்போதும் இருக்க வேண்டும். தார்ப்பாய் கட்ட டிரெய்லர்மேல் ஏறத் திணறுகிறாரா, சீட்பெல்ட் எட்டுகிறதா என்று நேரில் பார்ப்பது, பிஎம்ஐ எண்ணைவிட ஓட்டுநரின் தகுதியை நன்றாகச் சொல்லும். சாலைப் போக்குவரத்து மேலாண்மை முறையில், அதாவது ஆர்டிஎம்எஸ்ஸில், சான்று பெற்ற கம்பெனிகள் ஓட்டுநர் நலத்தையும் கவனிக்கக் கடமைப்பட்டவை. அங்கே இதைக் கேட்டு வாங்கலாம்.

குறைப்பது எவ்வளவு என்று கேட்டால், உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே பிரஷரும் சுகரும் குறட்டையும் சேர்ந்து இறங்கும். 110 கிலோ உள்ளவருக்கு அது ஐந்தரை முதல் பதினொரு கிலோ. 500 மி.லி. கோலா பாட்டிலில் சுமார் 50 கிராம் சர்க்கரை. சாலையில் நாளுக்கு இரண்டு குடிப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது அதில்தான். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌவில், 'கால்' என்று வாங்கினாலே கால் ரொட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் பீன்ஸ் கறி நல்லதே. ரொட்டியைப் பாதியோடு நிறுத்தலாம்.

புரட்டாசியும் காவடி விரதமும் வரும் மாதங்களில் கிளினிக்குகள் இதைக் கேட்டாக வேண்டும், டர்பனில் கேட்பவை குறைவு. கிளிக்லசைடு, கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒருவேளை உணவோடும் பாலும் பழமுமாகவும் விரதம் இருந்துகொண்டு வழக்கமான அளவையே போட்டால் சுகர் 4க்குக் (மில்லிமோல் கணக்கில்) கீழே விழக்கூடும். கை நடுங்கும், வேர்க்கும், புத்தி தடுமாறும்; வண்டி தடம் மாறி அலையும். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்புமுன் சுகர் 5க்கு மேல் இருக்க வேண்டும். விழுந்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, இனிப்பு சாப்பிட்டு, 5க்கு மேல் ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் பொறுத்துத்தான் ஓட்ட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. முருகனுக்கு எடுக்கும் விரதத்தை விடச் சொல்லவில்லை. மருந்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு எடுங்கள்.

இரண்டு சோதனைகளுக்கு நடுவே 24 மாதம் இருக்கிறது. அந்த இடைவெளிக்கு நெடுஞ்சாலையோர நல மையங்கள் நல்ல துணை. சாலைச் சரக்குத் துறையின் முதலாளி-தொழிலாளர் பேச்சுவார்த்தைக் குழு நடத்தும் டிரக்கிங் வெல்னஸ் திட்டமும், பழைய கப்பல் கன்டெய்னர்களைக் கிளினிக்காக மாற்றிய நார்த் ஸ்டார் அமைப்பும் ஓட்டுநர்களுக்கென்றே ஏற்பட்டவை. வண்டி நிறுத்தும் இடத்திலேயே பிரஷரும் சுகரும் பார்க்கலாம், பால்வினை நோய்க்கும் எச்ஐவிக்கும் சோதனை உண்டு. ஒவ்வொரு முறையும் எண்ணைத் தேதியோடு ஒரே அட்டையில் எழுதி வாங்குங்கள். ஐந்தாறு நிறுத்தத்தில் எடுத்த எண்கள், பிஆர்டிபி சோதனையன்று ஒரே எண் மட்டும் கூடி நின்றால் உங்களுக்காகப் பேசும். எம்.சி. படிவத்தில் கையெழுத்திட மருத்துவரோ தொழில்சார் சுகாதார வல்லுநரோ வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, தாளில் என்ன போகிறது என்பது. 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, தொழிலாளர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் எந்த முதலாளியும் எச்ஐவி சோதனை கேட்க முடியாது. கம்பெனிக்குப் போக வேண்டியது தகுதி, தகுதியில்லை, இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி என்ற மூன்றில் ஒன்று மட்டும். உங்கள் சுகர் எண்ணோ மாத்திரைப் பெயரோ மேலாளரின் மேசைக்குப் போக வேண்டியதில்லை. சில வேன்களில் எல்லார் முடிவையும் ஒரே பட்டியலாக எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்டிவிடுகிறார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் யாருக்கு என்ன போகும் என்று படியுங்கள். 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதினால், எந்த எண் எதற்குக் கீழே வர வேண்டும், எந்தத் தேதிக்குள், மறுசோதனைக்குக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த நாட்களில் யார்டு வேலையோ வேறு வேலையோ கொடுக்க முடியுமா என்று பார்க்காமல் முதலாளி நேராக வேலையை விட்டு அனுப்ப முடியாது. அனுப்பினால் சாலைச் சரக்குத் துறையின் பேச்சுவார்த்தைக் குழுவில், உங்கள் கம்பெனி அதன் கீழ் வராவிட்டால் சிசிஎம்ஏ என்னும் தொழில் தகராறு சமரச ஆணையத்தில், முறையிட 30 நாள் அவகாசம் உண்டு. முடிவுகளின் முழுப் பிரதியை ஓட்டுநர் கையில் கொடுக்கத் தயங்கும் இடத்துக்கு அடுத்த முறை போகாதீர்கள்.